குழாயில் நீலம், தட்டில் சோறு மிச்சம்

என் வாயாடித்தனத்துக்கெல்லாம் வக்காலத்து வாங்கிய ஜெயா அத்தைக்கு,

அங்கேயாவது உங்களை யாரும் "சக்கரை எவ்வளவு?" என்று கேட்காமல் இருக்கிறார்களா? இங்கே இன்னும் கேட்கிறார்கள். இப்போது அப்பாவை. ஆமாம், உங்கள் தம்பிக்கும் வந்துவிட்டது. நம் வீட்டில் சொத்தைத்தான் பிரித்துக் கொடுப்போம்; வியாதியை ஆளுக்கு முழுசாகவே கொடுத்துவிடுகிறோம்.

இந்த எரிச்சலை வேறு யாரிடம் கொட்டுவது?

உங்கள் சிறுநீரை அந்த நீல மருந்தோடு கண்ணாடிக் குழாயில் ஊற்றி, ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சியவள் நான்தானே. செங்கல் நிறமானால் சர்க்கரை நிறைய. பச்சையானால் கொஞ்சம். நீலமாகவே நின்றால் சுத்தமாக இல்லை. லாட்டரி முடிவு மாதிரி கத்திச் சொல்வேன். கடைசி இரண்டு மாதமும் நீலம், நீலம், நீலம். "அத்தை ஃபர்ஸ்ட் கிளாஸ்ல பாஸ்!" என்று கைதட்டினேன்.

கோட்டுச்சேரிக் கல்யாணப் பந்தி ஞாபகம் இருக்கிறதா? பாயசம் பரிமாறியவனிடம், பந்தி முழுக்கக் கேட்கும்படி, "ஏய், அக்காவுக்கு வைக்காத, சக்கரை!" என்று சித்தப்பா கூவினார். நீங்கள் இலையை மடித்துவிட்டு எழுந்தீர்கள். "ஒங்க நாத்தனாருக்கு என்னா கட்டுப்பாடுங்க!" என்று அம்மாவிடம் மெச்சினார்கள்.

அதன்பிறகு எந்த விசேஷத்துக்கும் நீங்கள் வரவில்லை. ஊருக்கே தையல் சொல்லிக்கொடுத்த டீச்சர், மெஷினுக்கு உறை போட்டு மூடிவிட்டு, என் கிழிந்த பாவாடைக்கு ஊக்கு குத்திக்கொள்ளச் சொன்னீர்கள். தட்டில் பாதிச் சோறு அப்படியே இருந்தது. நாங்கள் அதையும் மெச்சினோம்! உங்களைக் காட்டி மற்ற சர்க்கரைக்காரர்களைத் திட்டினோம். வாயைக் கட்டியிருக்கிறீர்கள் என்று நினைத்தோம். நீங்கள் மனசையே விட்டிருக்கிறீர்கள்.

மாத்திரையை மட்டும் தவறாமல் போட்டீர்கள், வெறும் வயிற்றில். சர்க்கரை ஏறி அல்ல, இறங்கித்தான் கண்ணை மூடினீர்கள். அன்று காலையிலும் குழாயில் நீலம். அன்றைக்கும் நான் கைதட்டினேன் அத்தை. எனக்கு ஒரு அறை விட்டிருக்கக் கூடாதா?

அப்பாவுக்கும் மூன்று வாரமாக நீலம்தான். "அண்ணி மாதிரியே கட்டுப்பாடு" என்று அம்மா பூரிக்கிறாள். நான் கைதட்டவில்லை. என் வழியில் சோதித்துப் பார்த்தேன். சைக்கிளில் காற்றைப் பிடுங்கிவிட்டேன். ஆபீஸ் சட்டையின் இரண்டு கையையும் மூடித் தைத்துவைத்தேன். பழைய அப்பாவாக இருந்தால் அவர் போடும் சத்தம் சுரக்குடி எல்லை தாண்டிக் கேட்டிருக்கும். இவர் "சரிம்மா" என்று சொல்லி வேறு சட்டை போட்டுக்கொண்டு நடந்தே போனார்.

காரைக்காலில் டாக்டரிடம் போனபோது நானும் ஒட்டிக்கொண்டேன். நிறத்தைக் கேட்டார், "ரொம்ப நல்லது" என்றார், சீட்டு எழுத ஆரம்பித்தார்.

"டாக்டர், அப்பா என்னைத் திட்டவே மாட்டேங்குறாங்க."

"கொடுத்துவச்ச பொண்ணும்மா நீ."

"ஐயோ, சாப்பிடவும் மாட்டேங்குறாங்க டாக்டர்! எங்க அத்தைக்கும் இப்புடித்தான் நீலமாவே வந்துச்சு. இப்ப அவங்க இல்ல."

"சும்மா இரு வசந்தி," என்று அப்பா என் கையை அழுத்தினார். டாக்டர் பேனாவை மூடி வைத்தார்.

"தூக்கம் வருதா சார்? எதுலயாவது ஆசை இருக்கா? மனசு எப்படி இருக்கு?"

அப்பா என் கையை விட்டார். "அக்கா போனதுலேர்ந்து, அடுத்தது நாந்தான்னு உக்காந்திருக்கேன் டாக்டர். யாரும் கேக்கல. அதான் சொல்லல."

மூன்றே கேள்வி அத்தை! ஊசி வேண்டாம், குழாய் வேண்டாம், விளக்கு வேண்டாம். இதை உங்களிடம் கேட்க நம் வீட்டில் ஒரு வாய்கூடவா இல்லை? இவ்வளவு பெரிய வாய் வைத்திருக்கும் நான் என்ன செய்துகொண்டிருந்தேன்?

மாத்திரையைப் பாதியாகக் குறைத்திருக்கிறார் டாக்டர். வாரம் ஒருமுறை வந்து பேசிவிட்டுப் போகவும் சொல்லியிருக்கிறார். அப்பா தேறிவிட்டார் என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். நேற்று மீன் குழம்புக்கு இன்னொரு கரண்டி சோறு கேட்டார். அவ்வளவுதான்.

ஒன்று சத்தியமாகச் சொல்கிறேன். இனி தினமும் விளக்கைப் பற்றவைக்கும் முன்னால் அப்பாவுக்கு எதிரில் உட்கார்ந்து, மனசு எப்படி இருக்கிறது என்று கேட்பேன். "நல்லாத்தான் இருக்கேன்" என்று சொன்னால் எழுந்து போக மாட்டேன். நீங்களும் கடைசிவரை அதையேதான் சொன்னீர்கள்.

உங்கள் தம்பி மகள்,
வசந்தி