பொட்டில்லாத படம்

த்ரீ கிங்ஸ், ஆக்லாந்து
12.8.1997

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நல்ல சுகம். உங்கட முழங்கால் நோ குறைஞ்சிட்டுதோ?

எனக்கு நிரந்தர விசா கிடைச்சிட்டுது. இனி உங்களையும் ஐயாவையும் இங்க கூப்பிடலாம். ஆனால் நீங்கள் அனுப்பின உறையில உங்கட படம் மட்டும்தான் இருந்தது. விசாக் கந்தோரில கேட்டதுக்கு, ஐயாவுக்குப் படமெண்டால் வெக்கம் எண்டு சொல்லிச் சிரிச்சன்.

வீட்டுக்கு வந்துதான் உங்கட படத்தை வடிவாய்ப் பார்த்தன். நெற்றியில பொட்டில்லை. பொட்டில்லாமல் உங்களை நான் ஒருநாளும் கண்டதில்லை. ஸ்டூடியோக்காரன் அழிக்கச் சொன்னவனோ?

வரேக்குள்ள மிளகாய்த்தூள் இடிச்சுக் கொண்டு வாங்கோ. இங்கத்தைய தூளில உறைப்பில்லை.

பஸ்ஸுக்கு நேரமாச்சு. ஐயாவின்ர படத்தையும் அனுப்புங்கோ. அனுப்ப ஏலாதெண்டால், கொள்ளி வைச்சது ஆர் எண்டு மட்டும் எழுதுங்கோ.

உங்கட ஒரே பிள்ளை,
தயாபரன்