பஞ்சவர்ணம் தின்ற இரண்டு வாளிப் பொங்கல்

சலாலா
19.1.1976

அன்பு மகள் தாமரைக்கு அப்பா வைரவன் எழுதுவது. இங்கே நானும் என் பொறுப்பில் உள்ள முப்பத்தெட்டு மாடுகளும் நலம், மெட்ராஸில் நீயும் ஊரில் உன் அம்மாவும் நலமாயிருக்க முருகன் துணை. மூன்று நாளைக்கு முன் எழுதியிருந்தால் மாடு முப்பத்தேழு என்று எழுதியிருப்பேன், எழுதுகிற ஆளும் பெட்டியோடு ஊருக்குக் கிளம்பியிருப்பான்.

மாட்டுப் பொங்கலுக்கு இங்கே லீவு கிடையாது. ஆனாலும் இத்தனை மாட்டை வைத்துக்கொண்டு பொங்கல் வைக்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. கேம்ப் சமையல்காரன் வாசு அண்டா நிறையச் சர்க்கரைப் பொங்கல் வைத்தான். ஊரில் நாம் இலையில் ஒரு பிடி ஊட்டுவோம், நான் பஞ்சவர்ணத்துக்கு ஒரு வாளி வைத்தேன். அது சீமை மாடு, உடம்பில் கறுப்பும் வெள்ளையுமாக இரண்டே வர்ணம், பெயர் மட்டும் நான் வைத்தது. குதிரைமசால் தழையும் காய்ந்த புல்லும் தின்று வளர்ந்த பிள்ளை, வாளியை நக்கி வெளுத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தது. மனசு கேட்காமல் இன்னொரு வாளி வைத்தேன். சாமிக்குப் படைச்சது, ஒண்ணும் பண்ணாதுண்ணே என்று வாசுவும் சொன்னான்.

மத்தியானம் மாடு அசை போடுவதை நிறுத்திவிட்டது. இடப்பக்கம் வயிறு உப்பி, விரலால் அழுத்தினால் பிசைந்த மாவு மாதிரி குழி விழுந்தது, பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு படுத்துவிட்டது. டாக்டர் மஸ்கட் போயிருந்தார். சூப்பர்வைசர் அகமது கபீர் பாய் நல்ல மனுஷர், அவரே இது செத்தா உன் விசாவும் கலாஸ், பெட்டியக் கட்டிக்கோ என்று சொல்லிவிட்டார். என் சம்பளம் நின்றால் உன் அம்மா என்ன செய்வாள் என்று நினைத்துக்கொண்டே பெட்டியைத் திறந்தால் உன் தீபாவளிக் கடிதம் மேலே கிடந்தது. எட்டுப் பக்கம். தப்பாக நினைக்காதே, நான் இரண்டு பக்கத்துக்கு மேல் படிக்கவில்லை. மாட்டு டாக்டர் படிப்பை நிறுத்திவிட்டு உமாபதி வீட்டுப் பையனுக்குச் சம்மதம் சொல் என்று நான் எழுதியதற்கு நீ மாட்டு வயிற்றைப் பற்றிப் பதில் போட்டிருந்தாய், கோபத்தில் மடித்து வைத்துவிட்டேன்.

அன்றைக்குத்தான் மூன்றாம் பக்கம் படித்தேன். மாடு தனக்காகப் புல் தின்பதில்லை அப்பா, முதல் வயிற்றில் கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான உயிர்கள் இருக்கின்றன, அவை புல்லைப் புளிக்க வைத்துக் கொடுப்பதில்தான் மாடு பிழைக்கிறது, அரிசியும் வெல்லமும் மொத்தமாக விழுந்தால் புளிப்பு முற்றி அவை மடிந்துவிடும் என்று எழுதியிருந்தாய். ஐந்தாம் பக்கத்தில் வைத்தியம் இருந்தது. வாசுவின் ஆப்பசோடா டப்பாவைக் காலி செய்து கரைத்து ஊற்றினேன். நல்ல மாட்டின் அசையைப் பிடுங்கிக் கொடுத்தால் புது உயிர்கள் குடியேறும் என்றாயே, கபீர் பாய் பக்கத்து மாட்டின் தலையைப் பிடித்துக்கொள்ள, உருண்டை தொண்டையிலிருந்து மேலே வரும் வரை வாயருகே காத்திருந்து கையை விட்டு எடுத்தேன். ஆறு உருண்டை. கொடுத்த மாடு இன்னும் என் முகத்தில் விழிப்பதில்லை. மறுநாள் காலை பஞ்சவர்ணம் விட்ட ஏப்பம் கேம்ப் வரைக்கும் கேட்டதாம். அது அசை போட ஆரம்பித்ததும் நான் தொழுவத்திலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன் தாமரை.

விசா கொடுத்த கஃபீல் வந்து விசாரித்தார். பொங்கலையும் மறைக்காமல் சொன்னேன், கபீர் பாய் அரபியில் எடுத்துச் சொன்னார். முறைத்தவர், வைத்தியம் சொன்ன டாக்டர் யார் என்று கேட்டார். என் மகள், இன்னும் படிக்கிறாள் என்றேன். படிப்பு எப்போது முடியும் என்றார். இரண்டு வருஷத்தில் என்று என் வாய் தானாகச் சொல்லிவிட்டது. கஃபீலிடம் சொன்ன சொல்லை மாற்ற முடியுமா. உமாபதி வீட்டுக்கு நானே எழுதிவிட்டேன். அம்மா கோபித்தால் கஃபீல் உத்தரவு என்று சொல்.

நன்றாகப் படி, நூறு வயது இரு. ஹாஸ்டல் சோற்றை அவசரமாக விழுங்காதே, உனக்கு ஒரே வயிறுதான்.

எட்டுப் பக்கமும் படித்து முடித்த
உன் அப்பா
வைரவன்