நீர்க்கன்னியின் அட்டை

டொலீடோ, ஒஹாயோ
பிப்ரவரி 6, 2012

ஆர்லோ,

பதினைந்து வருடம் கழித்து முன்னாள் மனைவியிடமிருந்து கடிதம் வந்தால் யாரோ செத்துப்போயிருக்க வேண்டும் என்று பயந்திருப்பாய். யாரும் சாகவில்லை. மார்பு எடுப்பாகத் தெரிய அன்றைக்கு உள்ளே வைத்த இரண்டு பைகளில், இடது பக்கத்துப் பை கிழிந்திருக்கிறது.

வலி பெரிதாக இல்லை. கல் மாதிரி இறுகி மேலே ஏறிவிட்டது. வலது பக்கம் ஒழுங்காகத் தரையைப் பார்க்கிறது, இடது பக்கம் வானத்தைப் பார்க்கிறது. ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர் ஹாலோரன் (பெண், சின்ன வயது, நகம் கடிப்பவர்) இரண்டையும் எடுத்தாக வேண்டும் என்கிறார். "இருபத்து மூணு வருஷமா? இது ஆயுசுக்கும் நிக்கிற சாமான் இல்லீங்களே. அப்பவே யாரும் சொல்லலையா?" என்று கேட்டார். சொல்லியிருப்பார்கள். அந்த அறையில் நீ பேசிக்கொண்டிருந்தாய். எனக்கு வேறு எதுவும் காதில் விழவில்லை.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. ஆபரேஷன் முடிந்ததும் ஓர் அட்டை கொடுத்தார்கள். எந்தக் கம்பெனி, எத்தனை சி.சி., என்ன எண் எல்லாம் அதில் இருக்கும். அன்றைக்குச் செய்த டாக்டர் காலமாகிவிட்டார், அவருடைய காகிதங்களும் போய்விட்டன. அட்டை உன் சமையலறை மேல் அலமாரியில் பிஸ்கட் டின்னுக்குள் இருக்கிறது. எடுத்து அனுப்பு.

நான் பல் டாக்டர் ஒருவரிடம் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கிறேன். பரவாயில்லாத வேலை.

போன் செய்யாதே. உன் குரலைக் கேட்டால் சிரித்துவிடுவேன். சேர்த்துவைத்த கோபமெல்லாம் வீணாகிவிடும்.

நடீன்

*

ஹேசல் ஊற்று, ஃப்ளோரிடா
பிப்ரவரி 14

ஏழு கடல்களுக்கும் எட்டாவதாக ஹேசல் ஊற்றுக்கும் பேரரசி, டொலீடோ மாநகரத்துப் பற்களின் காவல் தெய்வம், நடீன் அம்மணியின் திருச்சமுகத்துக்கு அடியேன் ஆர்லோ பிக்கெட் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து (எழுந்திருக்க இருபது நிமிடம் ஆயிற்று) எழுதிக்கொள்வது:

உன் கடிதம் வந்த சேதி பரவியதும் இங்கே மாவட்ட விடுமுறை விட்டுவிட்டார்கள். இரண்டு முதலைகள் கரையேறி வந்து என் கையைக் குலுக்கின. ஒன்று அழுதது. முதலை அழுதால் நம்பக்கூடாது என்பார்கள், ஆனால் இது உன்னை நேரில் பார்த்த முதலை.

கிழிந்துவிட்டதா? அந்தப் பைகளா? நடீன், அவை பைகள் இல்லை, சரித்திரம்! என்ன அளவு வைப்பது என்று தெரியாமல் நைலான் காலுறைக்குள் அரிசி கட்டி, ஜாக்கெட்டுக்குள் வைத்து ஒரு வாரம் நடந்து பார்த்தாயே, அந்த வாரம் எனக்கு அரிசி அளந்து அளந்து தோள்பட்டை இறங்கிவிட்டது. லூசியானாவிலிருந்து அரிசிக்கென்றே தனி ரயில் விட்டார்கள். மளிகைக் கடையில் முடிச்சு அவிழ்ந்து நீ நின்ற இடத்தில் கொட்டிய அரிசியை அள்ளி மூன்று ஜோடிகளுக்கு அட்சதை போட்டார்கள். மூன்றும் இன்றுவரை பிரியவில்லை. நம்முடையதுதான் பிரிந்தது.

பிறகு நம் ஊற்று வேடிக்கைப் பூங்காவில் நீ நீர்க்கன்னி வாலோடு தண்ணீரில் இறங்கிய முதல் காட்சி! மைக்கில் நின்றவன் நான், சாட்சி சொல்கிறேன். "பெரியோர்களே, தாய்மார்களே! பதினாறு மாலுமிகள் உயிரைக் கொடுத்துப் பிடித்துவந்த கடல்கன்னி, இதோ, ஆழத்தில்!" என்று நான் முழங்கினால், நீ ஆழத்துக்குப் போனால்தானே? தக்கை மாதிரி மேலே வந்துகொண்டே இருந்தாய். இடுப்பில் ஈயம் கட்டினோம். போதவில்லை என்று டிராக்டர் ஒன்றையும் கட்டினோம். மேலே பறந்த விமானப்படை உன்னைப் புதிய தீவு என்று வரைபடத்தில் குறித்துக்கொண்டது.

அட்டையா? தேடுதல் வேட்டை நடக்கிறது. அந்த டின்னுக்குள் மூன்று தலைமுறைக் காகிதம் கிடக்கிறது. நடுநடுவே எழுதி நினைவூட்டு. இங்கே தபால்காரருக்கு என் வாசல் பக்கம் வேலையே இல்லை. அவர் பிழைப்புக்காகவாவது எழுது.

உன் முன்னாள் அடிமை,
ஆர்லோ

*

டொலீடோ
பிப்ரவரி 23

ஆர்லோ,

மதிய இடைவேளையில் காரில் உட்கார்ந்து படித்தேன். சிரிக்கவில்லை. டிராக்டர் வந்த இடத்தில் கொஞ்சம்.

ஆனால் படித்து முடிப்பதற்குள் உயிர் போய்விட்டது. வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன. கடைசி வரி தாளைத் தாண்டிப் போய்விட்டது, பாதிதான் என்னிடம் வந்திருக்கிறது. மறுபடியும் குடிக்க ஆரம்பித்துவிட்டாயா? மறைக்காமல் சொல்.

ஏப்ரல் 12-ல் ஆபரேஷன். ஹாலோரன் தன் மேசையில் ஒரு தட்டு நிறையப் பைகளை அடுக்கி வைத்திருக்கிறார், பலகாரத் தட்டு மாதிரி. அமுக்கிப் பார்க்கலாம். புதிது வைப்பதா, ஜெல்லா உப்புத்தண்ணீரா, பழைய அளவா சின்னதா, இல்லை எடுத்துவிட்டு அப்படியே விட்டுவிடுவதா என்று கேட்கிறார். "நீங்கதான் சொல்லணும்" என்கிறார். நான் என்னத்தைச் சொல்ல? பழைய அளவே எனக்குத் தெரியாது.

சனிக்கிழமை அரிசி கட்டிப் பார்த்தேன். ஒன்றேகால் கப்பா, ஒன்றரைக் கப்பா, நினைவில்லை. கண்ணாடிமுன் பக்கவாட்டில் திரும்பி நின்று "எப்படி இருக்கு?" என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டேன். பிறகு அரிசியை டப்பாவிலேயே கொட்டி மூடினேன்.

அங்கே ஒரு படிவம் வேறு. அன்றைக்குக் கூட வந்து, வீட்டுக்கு அழைத்துப்போய், ஒரு நாள் கூடவே இருக்க ஒருவர் பெயரை எழுத வேண்டுமாம். முன்னால் உட்கார்ந்திருந்த பெண், "யாரு வர்றாங்க? பேர் மட்டும் சொல்லுங்கம்மா" என்றாள். "அப்புறம் சொல்றேன்" என்றேன். "வீட்டுக்காரரா? பொண்ணா?" என்றாள். பேனா எழுதவில்லை என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அதை விடு. அட்டையை அனுப்பு.

நடீன்

*

ஹேசல் ஊற்று
மார்ச் 3

மாட்சிமை பொருந்திய பேரரசிக்கு,

வெற்றி! வெற்றி! பறை அடிக்கச் சொல்! டின் என்னோடு பதினொரு நாள் போரிட்டது. முதல் நாள் விரலை வெட்டியது. ஆறாம் நாள் சமாதானத் தூது அனுப்பியது. நான் ஏற்கவில்லை. கடைசியில் அடியாழத்தில், கையடக்கமாக, மழமழவென்று, அதே அட்டை! இத்துடன் தனி உறையில் வைத்து, சிவப்பு மெழுகு உருக்கி முத்திரையும் குத்தியிருக்கிறேன். டாக்டர் முன்னிலையில் மட்டுமே உடைக்க வேண்டும். ராஜாங்கப் பத்திரங்களுக்கு அதுதான் முறை.

குடியைப் பற்றிக் கேட்டாய். நடீன், நான் குடித்த கடைசி மதுவை நோவா தன் கப்பலில் ஏற்றிப்போய்விட்டார். கையெழுத்துதான் வயதாகிக் குடிக்க ஆரம்பித்திருக்கிறது. அதை நான் எப்படிக் கட்டுப்படுத்துவேன்?

எந்தப் பையை வைப்பது என்கிறாயே. ஜெல்லோ, உப்புநீரோ, எரிமலைக் குழம்போ, எதை வைத்தாலும் நீ ராணிதான். தட்டில் உள்ள எல்லாவற்றையும் ஒவ்வொன்று வாங்கிவிடு, கிழமைக்கு ஒன்று மாற்றிக்கொள்ளலாம்.

அடியேன்,
ஆர்லோ

*

டொலீடோ
மார்ச் 12

ஆர்லோ,

உன் முத்திரையை உடைக்காமல்தான் கொண்டுபோனேன். அதுதான் என் புத்தி. ஹாலோரன் கத்தரிக்கோலால் மெழுகைப் பெயர்த்து, அட்டையை எடுத்து, நகம் கடிப்பதை நிறுத்திவிட்டு உரக்கப் படித்தார். "பெயர், பிஸ்மார்க். ஆண். பழுப்பு நிறம். வெறிநோய்த் தடுப்பூசி போடப்பட்டது." நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "மேடம், இது... உங்களோடதுங்களா?"

நர்ஸ் சிரிப்பை அடக்கமுடியாமல் வெளியே ஓடினாள். மேல் சட்டை இல்லாமல், காகித அங்கியைப் பிடித்துக்கொண்டு, நம் நாயின் அட்டை முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

கொஞ்சமாவது நீ மாறியிருப்பாய் என்று நினைத்தேன். இது குடித்துவிட்டுச் செய்ததா, குடிக்காமலே யோசித்துச் செய்ததா என்று தெரியவில்லை. எது மோசம் என்றும் தெரியவில்லை. உன்னோடு இருந்த எட்டு வருடமும் இப்படித்தான். நீ சொல்வதில் எதை நம்புவது என்று பிரித்துப் பிரித்து ஓய்ந்துபோய்த்தான் உன்னை விட்டுப் போனேன்.

அந்தப் படிவத்தைப் பற்றி எழுதியிருந்தேன். நீ ஒரு வரிகூடப் பதில் சொல்லவில்லை. கவனித்தேன். கேட்கத்தான் நினைத்தேன், கேட்காமல் விட்டதே நல்லதாயிற்று.

அட்டை இனி வேண்டாம். உள்ளே இருப்பதை எடுத்துப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்கிறார் டாக்டர். எழுதாதே.

நடீன்

*

ஹேசல் ஊற்று
மார்ச் 20

நடீன்,

எழுதாதே என்றாய். இந்த ஒரு கடிதம் மட்டும்.

எனக்குக் கண் போய்விட்டது. முழுக்க இல்லை. நடுவில் கறுப்பாக ஒரு புள்ளி. ஓரங்கள் தெரிகின்றன, நேராகப் பார்ப்பது தெரிவதில்லை. உன் படத்தைப் பார்த்தால் முடி தெரிகிறது, முகம் இருக்கும் இடத்தில் ஒன்றும் இல்லை. ஒன்றரை வருடமாக இப்படி. ஓட்டுநர் உரிமத்தையும் வாங்கிக்கொண்டார்கள். தாளின் மேல் அடிக்கோலை வைத்து, அதைத் தடவித் தடவி எழுதுகிறேன். கோல் நகர்ந்தால் எனக்குத் தெரியாது. குடிக்கவில்லை. ஆறு வருடம் ஆகிறது.

உன் கடிதங்களைப் பக்கத்து டிரெய்லர் வீட்டு பெர்னிஸ்தான் படித்துக்காட்டுகிறாள். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். சில வரி வந்தால் இருமுவாள். "ஆர்லோ, இந்த இடத்த நான் மனசுக்குள்ளயே படிச்சுக்கறேன், நீ கேக்க வேணாம்" என்பாள். உன்னிடம் கேட்காமல் இதைச் செய்தது தப்பு. அட்டையை மட்டும் அவளிடம் காட்டக் கூச்சமாக இருந்தது. விரலால் தடவிப் பார்த்து, அளவு சரியாக இருக்கிறது என்று அதை அனுப்பிவிட்டேன். வேடிக்கைக்குச் செய்யவில்லை. மெழுகு மட்டும்தான் வேடிக்கை.

முந்தாநாள் டின்னை அப்படியே பெர்னிஸ் மடியில் கொட்டினேன். உன் அட்டை இத்துடன் இருக்கிறது. அவள் இரண்டு முறை படித்துவிட்டாள். இரண்டு பக்கமும் முந்நூற்று இருபத்தைந்து சி.சி. ஜெல்.

படிவத்தைப் பற்றி நீ எழுதியதை அவள் படித்தபோது புரிந்தது. என் பெயரைப் போடு என்று சொல்ல வாய்வரை வந்தது. வண்டி ஓட்டாதவன் பெயரைப் போட்டு என்ன பயன் என்று பேசாமல் இருந்துவிட்டேன். இப்போது விசாரித்தேன். டாக்சியில் வந்தாலும் போதும், பக்கத்தில் உட்கார ஓர் ஆள் இருந்தால் சரி என்கிறார்களாம். பஸ்ஸில் முப்பது மணி நேரம். உட்காரத் தெரியும். சமைக்கத் தெரியாது, ஆனால் டப்பாவைத் திறந்து சூப் சுட வைப்பேன். நீ ஒரு வார்த்தை எழுதினால் ஏப்ரல் 9-ம் தேதி ஏறுகிறேன். எழுதாவிட்டால் வரமாட்டேன். சொல்லாமல் வந்து நிற்கும் வேலையெல்லாம் இனி இல்லை.

இன்னொன்று. அன்றைக்குப் பூங்கா முதலாளி, "அந்தப் பொண்ண கொஞ்சம் எடுப்பா ஆக்கு, ஆர்லோ, கூட்டம் கொறையுது" என்று என்னிடம்தான் சொன்னார். உன்னிடம் அதைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னேன். நீ சரி என்றாய். நான் அரிசி அளந்து கொடுத்தேன். வேண்டாம், நீ இருப்பதே போதும் என்று ஒரு தரம் சொல்லியிருக்கலாம். அதைச் சொல்ல மைக்கும் தேவைப்பட்டிருக்காது. இந்தத் தடவை என்ன வைத்தாலும், வைக்காவிட்டாலும், யாரையும் கேட்காதே. என்னையும் கேட்காதே.

ஆர்லோ

*

டொலீடோ
ஏப்ரல் 21

ஆர்லோ,

கறுப்பு மார்க்கர் வாங்கினேன்.
தாளுக்கு நாலே வரி.
ஓரக்கண்ணால் படித்துக்கொள்.
பெர்னிஸிடம் கொடுக்காதே.

உன் கடிதம் மார்ச்சிலேயே வந்தது.
பிரிக்கவில்லை.
கோபத்தில் ஃபிரிட்ஜ் மேல் எறிந்தேன்.
திங்கட்கிழமைதான் பிரித்தேன்.

கையைத் தூக்கக்கூடாது என்றார்கள்.
தூக்கித்தான் எடுத்தேன்.
ஆபரேஷன் முடிந்து நாலு நாள் என்னோடு
யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

எடுத்தாயிற்று.
புதிதாக எதுவும் வைக்கவில்லை.
யாரையும் கேட்கவில்லை.
தட்டையாக இருக்கிறேன். சட்டை தொளதொளக்கிறது.

படிவத்தில் ஆபீஸ் வெரீனா பெயர்.
வாசலில் இறக்கிவிட்டாள். "நான் கூடவே
தங்குனேன்னு சொல்லிக்கோ, என்ன?" என்றாள்.
சரி என்றேன். நல்லவள்தான். அவளுக்கும் வீடு இருக்கிறது.

ஒன்பதாம் தேதி வரைக்கும்
தபாலுக்குக் காத்திருந்தாயா?
இருந்திருப்பாய்.
என்னை மன்னித்துவிடு.

இன்னும் ஒரு வாரத்தில் கார் ஓட்டலாமாம்.
"எங்க போகப் போறீங்க?" என்றார் ஹாலோரன்.
தெரியவில்லை என்றேன்.
உண்மையிலேயே தெரியவில்லை.

உன் கடைசிக் கடிதத்தில்
ஒரு பொய்கூட இல்லை.
ஐந்து தடவை தேடிவிட்டேன்.
பயமாக இருக்கிறது, ஆர்லோ.

பெரிய எழுத்தில் எழுது.
வரி ஏறினாலும் பரவாயில்லை.
பொய்யாக எழுது.
நிறைய எழுது.

நடீன்