கரி லாரியின் அடியில் கட்டிய தொட்டில்

காமயகவுண்டன்பட்டி,
தாரண வருஷம் வைகாசி 22.

சிரஞ்சீவி பிச்சைமணிக்கு உன் தகப்பன் சின்னச்சாமி ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. இவ்விடம் உன் தாயும் நானும் சுகம். உன் மனைவி சண்முகத்தாய் இன்று சுவரைப் பிடிக்காமல் நடந்தாள். மூத்தவள் முத்துப்பேச்சி விளையாடுகிறாள். சின்னவனுக்கு நான்கு நாள் அடித்த காய்ச்சல் நேற்று விட்டது, முதுகில் உரிந்த இடம் காய்ந்து வருகிறது, பால் குடிக்கிறான். பூனாவில் நீ நல்ல தேகபலத்தோடு இருக்கிறாய் என்பதை, தாளின் மறுபக்கம் வரை அழுந்தியிருக்கும் உன் கையெழுத்தைக் கொண்டு தெரிந்துகொண்டேன்.

உன் உறை செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. உள்ளே இரண்டு தாள்கள். எனக்கு எழுதிய தாளில், சண்முகத்தாய்க்கு எழுதியதை வீட்டார் அனைவரையும் கூட்டி வைத்து நான் உரக்க வாசிக்க வேண்டும் என்றும், பிள்ளையைக் காக்கத் துப்பில்லாதவளிடம் உன் மகனை இனி விடுவதற்கில்லை என்றும், அவனை உன் தாயிடம் விட்டுவிட்டுப் பெண் குழந்தையோடு மட்டும் அவள் பூனாவுக்குத் திரும்ப வேண்டும் என்றும் கட்டளையிட்டிருக்கிறாய். ஒன்பது மாதக் குழந்தையைத் தாயிடமிருந்து பிரிக்க உனக்கு ஒரு முழு வாக்கியம்கூடத் தேவைப்படவில்லை. கோபம் ஆறட்டும் என்று மூன்று நாள் அந்தத் தாள்களைப் பெட்டியில் வைத்திருந்தேன், ஆறவில்லை. ஆகையால் நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன், கடைசி வரை வாசி.

போடி ரயிலின் தண்டவாளத்தை யுத்தத்துக்கென்று பெயர்த்துக்கொண்டு போன பிறகு மதுரையிலிருந்து இந்தப் பக்கம் வர மோட்டாரை விட்டால் வேறு வழியில்லை என்பது உனக்குத் தெரியும். லீவு கிடைக்கவில்லை என்று நீ நின்றுகொண்டாய். மதுரை வரை உன் ஆபீஸ் சிநேகிதர் குடும்பத்தோடு வந்தவள், அங்கிருந்து இரண்டு குழந்தைகளோடும் மூன்று மூட்டைகளோடும் தனியாகத் தேனிக்கு வந்து இறங்கினாள். பத்து மணிக்கு மோட்டார் ஸ்டாண்டில் நிற்பேன் என்று உனக்கு எழுதியவன் நான். நான் ஏறிய, பெட்ரோலுக்குப் பதில் கரி உலையில் ஓடும் பஸ் சின்னமனூர் தாண்டி உலை அவிந்து நின்றுவிட்டது, போய்ச் சேரும்போது பன்னிரண்டு. அன்று சந்தை வேறு. ஒரே மைதானத்தில் ஒரு பக்கம் மாட்டு வண்டிகள், மறுபக்கம் பஸ்களும் லாரிகளும், நடுவில் ஆடும் கோழியும் ஜனமும். அந்த இரண்டு மணி நேரம் அவள் எப்படி இருந்தாள் என்பதை, அங்கே வெள்ளரிப்பிஞ்சு விற்கும் இருளம்மாள் என்பவள் சொல்லித் தெரிந்துகொண்டேன். பஸ் ஏஜெண்டுகள் ஆளுக்கொரு பக்கம் மூட்டையை இழுக்க வந்தபோது மூட்டையின் மேலேயே உட்கார்ந்துகொண்டாளாம். வண்டிகளின் பக்கம் போகாமல், விற்கிற பெண்களின் வரிசையில் புளியமரத்தில் முதுகைச் சாய்த்து இடம் பிடித்தாளாம். முத்துப்பேச்சியின் மணிக்கட்டைத் தன் முந்தானையில் முடிந்து வைத்திருந்தாளாம். வெள்ளைச் சட்டைக்காரன் ஒருவன் வந்து, “கவுண்டன்பட்டிக்குத்தான தாயி? ஒங்க மாமா அங்கன கம்பம் பஸ்ஸுல எடம் போட்டு உக்காந்திருக்காக, புள்ளைய எங்கிட்டக் குடுத்துட்டு வெரசா வாங்க” என்றானாம். இவள் எழுந்திருக்காமலே, “அவுக பேரச் சொல்லுங்க, வாரேன்” என்றாளாம். அவன் விழித்துக்கொண்டு நின்றபோது இருளம்மாள், “பேர மதுரைக்குப் போயி விசாரிச்சிட்டு வாப்பா, நாங்க இங்கனதான் இருப்போம்” என்றாளாம். ஆள் கூட்டத்துக்குள் மறைந்துவிட்டான். நீ துப்பில்லாதவள் என்று எழுதியது இவளைத்தான்.

நான் வந்தேன். கம்பம் பஸ் இரண்டு மணிக்கு. மரத்து நிழல் நகர்ந்துபோய், சின்னவன் வெயிலில் அழுது முகம் சிவந்திருந்தான். சந்தைக்கு வருகிற நம் பக்கத்துப் பெண்கள், மாட்டை அவிழ்த்துவிட்ட வண்டியின் அச்சில் சேலைத் தொட்டில் கட்டிப் பிள்ளையைத் தூங்கவைப்பதைப் பார்த்து வளர்ந்தவன் நீ, நீயே அப்படித் தூங்கியவன்தான். அதில் ஆபத்தில்லை. மாட்டைப் பிடித்து வந்து பூட்டாமல் வண்டி நகராது, பூட்டுவது நாலு பேர் கண்ணில் படாமல் போகாது. அன்று எந்த வண்டியின் அடியும் காலியாக இல்லை. அருகே ஒரு லாரி நின்றது. பின்பக்கம் உயரம், அடியில் நல்ல நிழல், சங்கிலி மாட்டும் இரண்டு கொக்கிகள். பெட்ரோல் பஞ்சத்துக்காக எல்லா லாரிகளையும் போல அதற்கும் கரி உலை பொருத்தியிருந்தது. கரி லாரி கிளம்புவதென்றால் உலையை மூட்டி, அதற்குக் காற்று ஊதும் சக்கரத்தைக் கால் மணி நேரம் சுற்ற வேண்டும், புகை எழும்பும், மாடு பூட்டுவதைவிட அது பெரிய எச்சரிக்கை என்பது இங்கே எல்லாருடைய நினைப்பு. தொட்டில் அந்தக் கொக்கிகளில் கட்டப்பட்டது. கட்டியது யார் என்பதற்குப் பிறகு வருகிறேன். அந்த டிரைவர், அவசரத்துக்கு உலையை மூட்டாமலே கிளப்பலாமென்று கொஞ்சம் பெட்ரோல் வைத்திருந்தது யாருக்கும் தெரியாது. முன்பக்கம் கிளீனர் ஹாண்டில் அடித்தான். உலையில் நெருப்பில்லை, புகையில்லை, ஒரே சுற்றில் லாரி உறுமிக்கொண்டு நகர்ந்தது. சண்முகத்தாய் முந்தானை முடிச்சை அவிழ்த்து முத்துப்பேச்சியை என் மேல் தள்ளிவிட்டு ஓடி, தொட்டிலை இரண்டு கைகளாலும் மார்போடு அணைத்துக்கொண்டாள். லாரி அவளையும் சேர்த்து இழுத்தது. அவள் விடவில்லை. இருபது அடி தூரம் சரளைக்கல்லில் முழங்கால்கள் தேயப் போனாள். இருளம்மாள் கூடையோடு லாரிக்கு முன்னால் போய் நின்று, “ஏலே நிப்பாட்டுலே, அடியில புள்ள கெடக்குலே” என்று அலறிய பிறகுதான் நின்றது. டிரைவர் இறங்கி வந்து குனிந்து பார்த்தவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். “ஆத்தா, இதென்ன மாட்டு வண்டியா, யாரு இங்கன தொட்டி கட்டச் சொன்னது” என்று அழுதான். கூட்டத்தில் ஒருவர், “பெத்தவ கண்ணு எங்கன போச்சு, பட்டணத்துல இருந்து வாரவுகளுக்குப் புள்ள ஒரு பாரமாத் தெரியுது” என்றார். சண்முகத்தாய் தலையைத் தூக்கி என்னை ஒரு முறை பார்த்தாள். பிறகு குழந்தையின் முதுகில் கல் உரசி உரிந்த இடத்தில் ஒட்டியிருந்த மண்ணைத் துடைக்கத் தொடங்கினாள். நான் வாய் திறக்கவில்லை.

இப்போது கட்டியவன் யார் என்பது. “வேண்டாம் மாமா, மோட்டாரு எப்பக் கெளம்பும்னு நமக்கென்ன தெரியும்” என்று சொன்னவள் சண்முகத்தாய். உலையின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்து, குளிர்ந்திருக்கிறது, இன்னும் ஒரு மணி நேரத்துக்கு இது அசையாது என்று தீர்ப்புச் சொன்னவன் நான். அவள் தயங்கி நிற்க, சேலையை வாங்கி இரண்டு முடிச்சும் போட்டவன் நான். சென்னையில் நான்கு வருஷம் பௌதிக சாஸ்திரம் படித்துப் பட்டம் வாங்கியவன், பத்தடி நடந்து டிரைவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. தனியாக இருந்த இரண்டு மணி நேரமும் உன் குழந்தைகளுக்கு ஒரு கீறல் இல்லை. நான் துணைக்கு வந்து அரை மணியில் இது நடந்தது. தன்னுடைய கவனக்குறைவு என்று அவள் உனக்கு எழுதியிருக்கிறாள் என்பதை உன் கடிதத்தைப் பார்த்துத்தான் அறிந்தேன். என் மானத்தைக் காக்க ஒரு பெண் பொய் எழுதினாள், அந்தப் பொய்யை வைத்துக்கொண்டு நீ அவள் பிள்ளையைப் பறிக்கப் பார்த்தாய். உன் மேல் எனக்குள்ள கோபம் சிறிதல்ல, என் மேல் உள்ளது அதற்கு எந்த விதத்திலும் குறைந்ததல்ல.

ஆனி மாதம் பத்தாம் தேதிக்கு மேல் அவளையும் இரண்டு குழந்தைகளையும் நானே அழைத்துக்கொண்டு வருகிறேன். இரண்டு குழந்தைகளையும் என்பதை மறுபடி வாசித்துக்கொள். நீ ரயிலடிக்கு வரும்போது வெளியே டாங்கா குதிரைவண்டிகளும் லாரிகளும் நிற்கும் இடத்தில் எங்களைத் தேட வேண்டாம், பிளாட்பாரத்துக்குள்ளேயே வந்து நில். நிற்கிற வண்டியின் நிழல் நமக்குரியதல்ல. குதிரை இல்லை, புகை இல்லை, ஆள் இல்லை என்று பார்த்து எந்த வண்டியின் பின்னாலும் குழந்தையை விடாதே. ஓட்டுகிறவன் உன்னைப் பார்த்துவிட்டான் என்பது தெரிந்த பிறகு குறுக்கே போ. குழந்தையின் விரலைப் பிடிக்காதே, மணிக்கட்டைப் பிடி. கை போதாவிட்டால் மூட்டையைக் கீழே போடு. நான் உன்னை அழைப்பதாக எவன் வந்து சொன்னாலும் என் பெயரைக் கேள். இவற்றில் எதையும் நான் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை, சண்முகத்தாய் செய்ததைப் பார்த்தும், நான் செய்ததைப் பார்த்தும் எழுதுகிறேன்.

வாசிக்கச் சொன்னாயே, நேற்று சாயங்காலம் வாசித்தேன். உன் தாய், சம்பந்தி, அவர் தங்கை கஸ்தூரியம்மாள், வண்டியோட்டும் ஒச்சாண்டி உட்பட அனைவரையும் உட்காரவைத்து, என் மகன் எனக்கு எழுதிய கடிதம் என்று சொல்லி, முடிச்சுப் போட்டது யார் என்பதையும் முதலில் சொல்லிவிட்டு, உரக்க வாசித்தேன். அவள் பெயர் இருந்த இடத்தில் என் பெயரை வைத்தேன். ‘நீயும் ஒரு தாயா’ என்று இருந்ததை ‘நீயும் ஒரு தாத்தாவா’ என்று மாற்றிக்கொண்டேன். மற்றபடி ஒரு வசவைக்கூட விடவில்லை. நீ நன்றாகத்தான் எழுதியிருக்கிறாய், ஒவ்வொன்றும் பொருந்தியது. உன் தாய் பாதியில் எழுந்து உள்ளே போய்விட்டாள். இரண்டாம் பக்கம் திருப்பும்போது சண்முகத்தாய், “போதும் மாமா, சின்னவன் முழிச்சுக்கிருவான்” என்றாள். அது யாருக்கு எழுதிய கடிதம் என்று அவளுக்குத் தெரிந்ததா என்று நான் கேட்கவில்லை. உன் கையெழுத்தும் உன் சுபாவமும் என்னைவிட அவளுக்குத் தெரியும்.

நீங்கள் நான்கு பேரும் ஒரே கூரையின் கீழ் நெடுங்காலம் சேர்ந்திருக்க வேண்டும் என்று ஆசீர்வதிக்கிறேன். மறந்துவிடாதே, அவளுக்குத் தனி உறையில் ஒரு கடிதம் நாங்கள் புறப்படுமுன் இங்கே வந்து சேர வேண்டும். அதை நான் பிரிக்க மாட்டேன். முழங்கால் எப்படி இருக்கிறது என்று தொடங்கு.

இப்படிக்கு,
உன் தகப்பன்
சின்னச்சாமி