கையசைத்த ஓட்டுநர்

மெயிட்லாந்து

அன்புள்ள அம்மா,

முழங்கால் வலி தேவலையா? நான் சுகம்.

முதுகில் வெயில், கடைசிப் பெட்டிவரை வளைவு, ஓட்டுநரின் முகம்: சரக்கு ரயில் படத்துக்கு இவை போதும் என்பேனே, ஞாயிறன்று மூன்றும் அமைந்தன. கேமராவோடு பக்கத்துத் தண்டவாளத்தை ஒட்டி நின்றிருந்தேன். நிலக்கரி வண்டி ஓட்டுநர் கையசைத்தார். படமெடுத்துவிட்டு நானும் சிரித்தபடி கையசைத்தேன். கூட வேலை பார்க்கும் மெர்வ் என் சட்டையைப் பிடித்து இழுத்துச் சரிவில் தள்ளினான். அடுத்த நொடி, பின்னாலிருந்து வந்த இன்னொரு வண்டி நான் நின்ற இடத்தை உரசிக்கொண்டு போனது.

"ஹலோவா சொன்னான்? ஓடிப் போன்னு கத்துறான்டா, மடையா!" என்றான் மெர்வ்.

கவலைப்படாதே, சட்டைதான் கிழிந்தது. வேறொன்று அனுப்பு. படம் பளிச்சென்று இருக்கிறது, அலறும் வாய்கூடத் தெரிகிறது. அதை அனுப்பவில்லை.

வேலைக்கு நேரமாகிவிட்டது. சட்டையோடு என் சின்ன வயது விடிவிளக்கையும் வைத்து அனுப்பு, அம்மா.

உன் லாக்லன்