கன்னியப்பன் வேலிக்குள் விழுந்த பந்துகள்

தை, திங்கள்

வாடைக் காற்று. காலையில் பழவேற்காடு ஏரி முழுக்கப் பனி, எதிர்க்கரை தெரியவில்லை. கோல்கீப்பர் பேடு இரண்டையும் துவைத்துக் கருவாட்டுப் பந்தலில் போட்டிருக்கிறேன். வேறு எங்கே வெயில் விழுகிறது?

வீட்டுக்காரி சரளா: “போன வாட்டி ரயில்ல உன் பக்கத்துல ஒருத்தரும் குந்தலியாமே. தம்பி சொன்னான்.”

நல்லதுதானே. மீஞ்சூரிலிருந்து காலை நீட்டிக்கொண்டு போனேன்.

ஞாயிறு மூன்று மணி, எழும்பூர். ஹாக்கி லீக்கில் கடைசி மேட்ச். டிரா செய்தால் போதும், டிவிஷனில் தங்கிவிடுவோம். தோற்றால் கீழே. ஆளே போகாவிட்டால் கிளப் பெயரையே எடுத்துவிடுவார்கள். போன வருஷம் ஒரு கிளப்புக்கு அப்படித்தான் ஆயிற்று.

இன்னொன்று. இந்தியாவுக்கு ஆடிய ஒருவர் வருகிறாராம், பாலு அடிக்கிற பெனால்டி கார்னரைப் பார்க்க. பாலு சரளாவின் தம்பி. அவர் நடத்தும் டீமில் எடுத்துக்கொண்டால் வேலையும் உண்டு. அக்காவும் தம்பியும் நேற்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை.

சாயங்காலம் பிராக்டிஸ். டச்சுக்காரன் கல்லறைச் சுவருக்குப் பக்கத்து மைதானம்தான். பாலு அடித்தது என் தலைக்கு மேலே பறந்து கன்னியப்பன் பெரியப்பா வேலிக்குள். புதுப் பந்து! இருந்த ஒரே நல்ல பந்து!

கிழவர் தடியை ஊன்றிக்கொண்டு வந்தார். பந்தை மடியில் கட்டிக்கொண்டார். எப்போதும் பாடும் பாட்டு:

“வலைக்குப் போற கையில கொம்பு எதுக்குடா, வெக்கங்கெட்ட பசங்களா! போய்ப் பொழப்பப் பாருங்கடா!”

உள்ளே போனது போனதுதான். இதுவரை ஒரு பந்தாவது திரும்பி வந்ததா? இந்த மனுஷனுக்கு என்ன கேடு. சொந்த மகன் மாரியே ஒரு காலத்தில் எங்கள் லெஃப்ட் ஹாஃப். என்ன ஆட்டம்! ஸ்டிக்கைப் பிடுங்கி அடுப்பில் வைத்துவிட்டார் அப்பன். அதோடு சரி. மாரி மைதானப் பக்கம் வருவதில்லை. வேலிக்கு உள்ளே நின்று வலை பிரித்துக்கொண்டிருப்பான், பார்க்காத மாதிரி.

செவ்வாய்

பனி இல்லை. வாங்க வேண்டியது: கிரிப், டேப், எலுமிச்சம்பழம், பழைய பந்து யாரிடமாவது. சரளாவுக்குப் புளிப்பு மாங்காய். (தை மாதத்தில் மாங்காய்க்கு எங்கே போவேன்? ஆறாவது மாசம், கேட்டது கிடைக்காவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.)

சனிக்கிழமை எங்கள் பாடு. எனக்கு முதல் பாடு. ஏரியில் இறால் ஓடும் இடங்களில் ஒரு நாளைக்கு ஒரு கூட்டம்தான் வலை கட்டலாம். சீட்டுப் போட்டு முறை வைத்திருக்கிறோம், அந்த முறைதான் பாடு. கல்யாணம் ஆனவனுக்குத்தான் பங்கு. எனக்குப் போன வருஷம் கல்யாணம், இந்த வருஷம் பங்கு. நைனா தன் பங்கை விட்டுக் கரையேறிவிட்டார். முதல் பாடு அன்றைக்கு ஆள் நேரில் நிற்காவிட்டால் அந்த வருஷம் பங்குப் பட்டியலில் பெயர் கிடையாது.

சனிக்கிழமை அமாவாசை வேறு. இறால் கொட்டும். விடியலில் போய்ப் பொழுது சாயத் திரும்பினால், ஞாயிறு காலை பஸ், ரயில், மேட்ச். எல்லாம் கணக்காக இருக்கிறது.

டீம் ஆட்கள் வீடுகள் எல்லாம் ஒரே கூட்டத்தில். சீட்டுப் போட்ட அன்று ஊர்த் தலைவர் நாட்டாரிடம் கெஞ்சி வாங்கினோம். என் யோசனைதான். எல்லோருக்கும் வேலை ஒரே நாள், ஓய்வும் ஒரே நாள், பிராக்டிஸ் கெடாது. “தேசிங்கு மூளையே மூளைடா” என்றார்கள். சும்மா இல்லை.

புதன்

பழைய பந்தை வைத்து பெனால்டி கார்னர் (பெ.கா.) மட்டும். பாலு முப்பது அடித்திருப்பான். இடது தொடையில் ஒன்று வாங்கினேன், நீலம். சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

நைனா வலையை எடுத்துப் பார்த்தார். ஒரு இடத்தில் கிழிசல், தானே உட்கார்ந்து பின்னி முடித்தார். போகும்போது மட்டும், “சனிக்கெழம சட்ட போட்டுகினு போ. மொத பாடு.”

மாங்காய் கிடைத்தது! பொன்னேரி மார்க்கெட்டில் தெரிந்தவர் ஒருவர். ஒன்றே ஒன்று. உப்பு தொட்டு இரண்டு கடி, பிறகு வேண்டாம் என்றாள்.

வியாழன்

சாயங்காலம் கன்னியப்பன் பெரியப்பா போய்விட்டார். கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தபடியே. டீ கொடுக்கப் போன மாரி கூப்பிட்டிருக்கிறான், பதில் இல்லை.

போய் மாலை போட்டேன். அவர் கை சில்லென்று இருந்தது. பாவம்.

நாட்டார் வாசலில் நின்று சொன்னார்: “நாளைக்கு எடுக்கறோம். நாளைக்கு ஏரிக்கு யாரும் போவக்கூடாது. மொறை ஒரு நாள் தள்ளிப்போவுது.”

அப்போது தலையில் ஏறவில்லை. வீட்டுக்கு வந்து காலில் தண்ணீர் ஊற்றும்போது உறைத்தது. ஒரு நாள் தள்ளினால் வெள்ளிக்கிழமை கூட்டம் சனிக்கு வரும். சனிக்கிழமை கூட்டம் ஞாயிறுக்கு வரும்.

ஞாயிறு! மொத்த டீமும் ஏரியில்!

உயிரோடு இருந்த வரைக்கும் பந்தைப் பிடுங்கினார். செத்து மேட்சையே பிடுங்கிவிட்டார். எழுதியாயிற்று, கோடு போட்டு அடிக்கவில்லை.

வெள்ளி

மேகமூட்டம். படகெல்லாம் கரையில்.

காலையில் கல்லறைச் சுவரோரம் டீம் கூடியது. ஒருவன் முகத்திலும் ஈயாடவில்லை.

“எல்லாரையும் ஒரே கூட்டத்துல போட்டது யார்ரா?”

“தேசிங்குதான்.”

“மூளையே மூள.”

வாங்கிக் கட்டிக்கொண்டேன். பிரித்துப் போட்டிருந்தால் பாதி ஆளாவது மிஞ்சியிருக்கும்.

பங்கு உள்ளவர்கள் நாலு பேர், நான் உள்பட. மீதிப் பேர் அவரவர் நைனா படகில் ஆள். அவர்களை விட்டால் வலை கட்டக் கை போதாது. சனிக்கு வந்துவிட்ட வடக்குத் தெரு வேலு கூட்டத்திடம் நாள் மாற்றிக் கேட்கலாமா என்றால், மாற்றக்கூடாது என்பதுதான் பாடு முறையின் முதல் சட்டம். அதற்காக ஒரு காலத்தில் மண்டை உடைந்திருக்கிறது.

பாலு மெதுவாக, “ஏழு பேராவது வந்தா ஆட உடுவாங்க மாமா. நீ ஏரிக்குப் போ. நான் கோல்ல நிக்கறேன்.”

கோலில் நின்றால் பெ.கா. எப்படி அடிப்பான்? அந்த ஆள் வருவதே இவன் அடிப்பதைப் பார்க்க. பேடு கட்டிக்கொண்டு எதிர்க்கோடியில் நிற்பவனையா பார்ப்பார்? முட்டாப்பயல். கோபம் வந்தது, அழுகையும் வந்தது. “வாய மூட்றா” என்றேன்.

வீட்டில் சரளாவிடம் சொன்னேன்: என் பாடு முறையை விட்டுவிடுகிறேன், பெயர் போனால் போகட்டும், அடுத்த வருஷம் பார்க்கலாம்.

அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். பிறகு: “கொழந்த பொறக்கற வருசம் ஏரில உனக்குப் பேரு இல்லாம இருந்தா உங்க நைனா மூஞ்ச நீ எப்படிப் பாப்பே? எங்க தம்பிக்காவன்னு ஊரு என்னத்தான் சொல்லும்.” கொஞ்சம் கழித்து, “அவனும் பாவந்தான்.”

வலையும் பேடும் ஒரே மூலையில் கிடக்கின்றன. இரண்டையும் பார்க்கப் பிடிக்கவில்லை.

மத்தியானம் எடுத்தார்கள். டீம் முழுக்கப் போனோம். பாடைக்கு நானும் தோள் கொடுத்தேன். ஆள் இவ்வளவு லேசா? அவ்வளவு சத்தம் எங்கிருந்து வந்தது!

அடக்கம் முடிந்து குளித்துவிட்டு ஊர் கூடியது. வழக்கப்படி நாட்டார் கேட்டார்: “துக்க வூடு ஊருகிட்ட இன்னா கேக்குது?” துக்க வீட்டுக்காரன் கேட்பதை ஊர் மறுக்காது. பெரும்பாலும் பந்தல், விறகு, பாத்திரம், இப்படி ஏதாவதுதான் கேட்பார்கள்.

மாரி மொட்டைத் தலையோடு, ஈரத் துண்டோடு எழுந்தான். தரையைப் பார்த்தபடி சொன்னான்:

“நாளைக்குப் பால் தெளிக்கறோம். நாளைக்கும் ஏரிய மூடணும்.”

சலசலப்பு. வேலு எழுந்துவிட்டான். சும்மாவா, நாளை அவன் கூட்டத்து முறை, அமாவாசை. “இன்னா மாரி, பழைய நாட்டாரு செத்தப்பவே ஒரு நாள்தான் மூடினாங்க. உங்க நைனாவுக்கு ரெண்டு நாளா?”

“ரெண்டு நாள் வேணும்.”

“எதுக்கு?”

“எங்க நைனா ஊருல ஒருத்தர உடாம சண்ட போட்டவரு. ஒரு நாள்னா ஊரு மறந்துடும்.”

யாரும் சிரிக்கவில்லை. வேலு வேலிப் பக்கம் காறித் துப்பினான், ஆனால் உட்கார்ந்துவிட்டான். நாட்டார், “துக்க வூடு கேட்டாச்சி. நாளைக்கும் ஏரி மூடல்” என்றார்.

பாலு என் விலாவில் இடித்தான். நான் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். ஞாயிறு வேலு கூட்டம். திங்கள் நாங்கள்.

மாரி எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. எங்கள் மேட்ச் தெரிந்து கேட்டானா, அப்பனுக்காகக் கேட்டானா?

சனி

தூறல். அமாவாசைக்கு ஏரி சும்மா கிடக்கிறது. கரையில் போகிற வருகிறவன் எல்லாம் முணுமுணுப்பு. நியாயம்தான். சாவு விழாமல் இருந்தால் என் வலைக்கு இந்த நாள்தான் வந்திருக்கும்.

பால் தெளித்துவிட்டு வந்ததும் மாரி என்னைக் கூப்பிட்டான். வீட்டுக்குள் போனேன். கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு மூட்டையை இழுத்தான். பழைய வலைத் துண்டில் கட்டிய மூட்டை. உள்ளே பந்து. எல்லாம் பந்து! வெள்ளை, மஞ்சள், வெடித்தது, நான் பள்ளிக்கூடத்தில் ஆடிய காலத்துப் பந்துகூட. திங்கட்கிழமை போனது மேலாக இருந்தது.

“இத எடுத்துகினு போ. கட்டில நகர்த்தனா உருளுது, அம்மா வழுக்கி வுழப் பாத்துச்சி.”

“ஏன்ணா வெச்சிகினு இருந்தாரு? தூக்கிப் போட்டிருக்கலாமே?”

“யாருக்குத் தெரியும். கேக்க ஆளு இல்ல.”

தூக்க முடியாத பாரம். வாசல் வரை வந்துவிட்டேன். பின்னாலிருந்து கேட்டான்:

“மேட்சு எத்தினி மணிக்கி?”

“மூணுக்குண்ணா.”

“தண்ணி தெளிச்ச தரைல பந்து வேகமா வரும். பாத்துக்கோ.”

அவ்வளவுதான். உள்ளே போய்விட்டான். நான் நன்றி என்றுகூடச் சொல்லவில்லை, மடையன்.

ஞாயிறு, ரயிலில்

2-2. டிரா! தங்கிவிட்டோம்!

பெட்டி ஆடுகிறது, எழுத்து கோணல்மாணல். எதிர் சீட்டில் பாலு தூங்குகிறான், வாயைத் திறந்துகொண்டு.

நீலச் செயற்கைப் புல் தரை, தண்ணீர் தெளித்து வைத்திருந்தார்கள். பந்து வந்த வேகத்தில் ஒன்று காலிடுக்கில் உள்ளே. பிறகு மாரி சொன்னது ஞாபகம் வந்தது, அரையடி முன்னே வந்து நின்றேன். பாலு பெ.கா. ஒன்று, மேல் மூலை. கோல்கீப்பர் அசையவே இல்லை. அடுத்த கோல் அவர்களுக்கு. அடுத்தது மறுபடி பாலு. கடைசியில் அவர்களுக்கு ஒரு பெ.கா. இடது பேடில் தடுத்தேன். எப்படிக் கால் போனது என்று எனக்கே தெரியாது.

இந்தியாவுக்கு ஆடியவர் இறங்கி வந்தார். உயரமான மனுஷர், மெதுவான பேச்சு. பாலுவை அடுத்த வாரம் தன் டீம் பயிற்சிக்கு வரச் சொன்னார். வேலை என்று இன்னும் சொல்லவில்லை. வரச் சொன்னதே போதும். என்னிடமும் கை நீட்டினார், பேடைப் பார்த்தார், மூக்கைச் சுருக்கினார்.

“என்ன தம்பி, கருவாடா?”

“ஆமா சார். பழவேற்காடு.”

சரளாவுக்கு போன் செய்தேன். அந்தப் பக்கம் அழுகை மட்டும்தான் கேட்டது. பிறகு, “நாளைக்குப் பாடு, ரயில்ல தூங்காம வராதே.”

திங்கள்

முதல் பாடு. சட்டை போட்டுக்கொண்டுதான் போனேன். உடம்பெல்லாம் வலி. இறால் சுமார். அமாவாசை தாண்டிவிட்டதே. நைனா கூடையைப் பார்த்தார், “பரவால்ல” என்றார். அவர் வாயில் அது பெரிய வார்த்தை.

ஒரு பங்கு நல்ல இறாலாகப் பொறுக்கி மாரி வீட்டுக்கு எடுத்துப் போகக் கிளம்பினேன். எங்கள் வாசலிலேயே சரளா பிடித்து நிறுத்தினாள். “துக்க வூட்டுல கவுச்சி ஆக்குவாங்களா? உனக்கு இன்னா மூளடா சாமி.”

என் மூளையைப் பற்றி இந்த வாரம் நிறையக் கேட்டாயிற்று.

செவ்வாய்

நல்ல வெயில். சாயங்காலம் பிராக்டிஸ். பந்துக்குப் பஞ்சமில்லை, மூட்டையே இருக்கிறது. எல்லோரும் காட்டுத்தனமாக அடித்தார்கள். பாலு அடித்த ஒன்று கம்பத்தில் பட்டு எகிறி, வேலிக்குள்.

அத்தனை பேரும் அப்படியே நின்றுவிட்டோம். பழக்கம். தடிச் சத்தம் வரும், திட்டு வரும் என்று காது காத்துக்கொண்டிருக்கிறது. ஒரு சத்தமும் இல்லை. வேலிக்குப் பின்னால் கோழி மட்டும் கொக்கரித்தது.

பாலு வேலி தாண்டப் போனான். அதற்குள் மாரி வெளியே வந்தான். குனிந்து பந்தை எடுத்தான். கையில் வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தான்.

“இப்ப நான் இன்னா பண்ணணும்?”

“திட்டணும்ணா” என்றான் பாலு.

மாரிக்குச் சிரிப்பு வந்தது. நிமிர்ந்து, தொண்டையைச் செருமி, அவன் நைனா மாதிரியே கையை ஓங்கினான்.

“வலைக்குப் போற கையில...”

அதற்கு மேல் வரவில்லை. உதடு கோணிக்கொண்டது. கை ஓங்கியபடியே நின்றான்.

மீதியை நாங்கள் எல்லோரும் சேர்ந்து சொன்னோம், பொழப்பைப் பார்ப்பது வரைக்கும், ஒரு வார்த்தை விடாமல்.

அவன் பந்தை மடியில் கட்டிக்கொண்டு உள்ளே போனான். தரவில்லை.