கயால் என்ற பெயர் போகும் முன்

6 ஜூன் 2016, திங்கள்

மழை இன்னும் வரவில்லை. ஆற்றுக் காற்றும் இல்லை.

பதினொரு மணிக்கு நீதிமன்றத்திலிருந்து அறிவிப்புக் கட்டு வந்தது. டைமண்ட் ஹார்பரில் எங்கள் பத்திரிகைக்கு முப்பது வருடமாகச் செய்தியாளனும் நானே, அறிவிப்புகளைச் சரிபார்த்து அனுப்புகிறவனும் நானே. கட்டில் பாதிக்கு மேல் பெயர் மாற்றம்தான். வழக்கம்போல எண்ணினேன்: ராம், இரண்டு, மூன்று.

பக்கத்து மேஜை ஹபிபுல் லஸ்கர் சிரித்தான். "ஊரே ஒண்ணுன்னு ஆரம்பிக்குது, நீங்க மட்டும் ராம்னு ஆரம்பிக்கிறீங்களே, கயால் அண்ணா. கடவுளையும் கட்டுல சேத்து எண்ணுறீங்களா?"

"எங்க வீட்டுல அப்படித்தான்டா" என்றேன். அப்பா அப்படித்தான் எண்ணுவார். ஏன் என்று கேட்டதில்லை.

நான்காவது தாள். 'தேபார்க் கயால் ஆகிய நான், மாஜிஸ்திரேட்டு முன் செய்த பிரமாணத்தின்படி, இன்று முதல் தேபார்க் ராய் என்று அறியப்படுவேன். தந்தை பெயர், நிதாய் சந்திர கயால்.'

நிதாய் சந்திர கயால் நான்தான்.

ஹபிபுல் பார்ப்பதற்குள் தாளைக் கவிழ்த்து வைத்தேன்.

7 ஜூன், செவ்வாய்

கல்கத்தாவில் இருக்கிற மகன் துகாய்க்கு ஃபோன் செய்தேன். (பத்திரமெல்லாம் தேபார்க் என்று சொல்லும். எனக்குத் துகாய்தான்.)

"உங்க மேஜைக்கு வரும்னு தெரியும், பாபா. நேர்ல சொல்ல தைரியம் வரல."

"ஏன்டா?"

"ஆபீஸ்ல புதுசா யாரு வந்தாலும் பேரைக் கேட்டுட்டு ஒரு நொடி நிக்கிறான். கயாலா? எந்தப் பக்கத்து ஆளுங்க? அதுக்கு என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியும் பாபா. ஆகஸ்ட்ல குழந்தை பொறக்குது. அது சர்ட்டிஃபிகேட்ல இது வேணாம். ராய்னா யாரும் நின்னு கேக்க மாட்டான்."

"இது-ன்னா எது?"

"நெல்லு அளக்கறவன். அவ்வளவுதானே கயால்? அதுக்கு மேல ஏதாவது இருந்தா சொல்லுங்க, கேக்கறேன்."

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கயால் என்றால் களத்தில் நெல் அளக்கிறவன், அது இந்த ஜில்லாவில் எல்லோருக்கும் தெரியும். இந்துவிலும் கயால் உண்டு, முஸ்லிமிலும் உண்டு. ஆனால் எங்களுக்கு எப்போது வந்தது? யார் அளந்தார்? யாருக்கு? எத்தனை பேரிடம் பூர்வீகம் கேட்டு எழுதியிருக்கிறேன். என்னையே கேட்டுக்கொண்டதில்லை.

அறிவிப்பு 17-ஆம் தேதி வெள்ளிக்கிழமை வர வேண்டும். 16 மதியம் பக்கம் முடியும். ஒன்பது நாள் இருக்கிறது.

8 ஜூன், புதன்

துகாயின் அம்மா காஜலிடம் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள்: "பேரை மாத்தினா அவன் மூக்கு மாறிடுமா? அது உங்க மூக்குதான். விடுங்க."

விட முடியுமா?

10 ஜூன், வெள்ளி

கண்டுபிடித்துவிட்டேன்!

காலை ரயிலில் ஜில்லாத் தலைநகர் போய், பத்து மணிக்குப் பத்திர ஆவண அறையில் உட்கார்ந்தேன். அங்கே இருக்கிற குமாஸ்தாவுக்கு என்னை இருபது வருடமாகத் தெரியும். "யாரு மேல செய்தி, கயால் பாபு?" என்றார். "என் மேலேதான்" என்றேன். நம்பவில்லை.

நான்கு மணிக்கு இரண்டு பத்திரங்கள் அகப்பட்டன. இரண்டும் மதுராபூர் பக்கம் ஒரே நிலத்துண்டு. 1931-இல் கைநாட்டு வைத்தவர் 'துவாரிக் மண்டல், தொழில் கயால்'. 1938-இல் அதே ஆள், அதே தகப்பன் பெயர் – 'துவாரிக் கயால்'.

துவாரிக் என் தாத்தாவின் அப்பா.

அப்படியானால் நாங்கள் மண்டல்கள்! ஏழு வருடத்தில் தொழில் பெயராகிவிட்டது. மற்ற கயால்களுக்கு நவாபு காலம், ஜமீன் காலம் என்று கதை இருக்கலாம். எங்களுக்கு ஏழே வருடம். அந்த ஏழு வருடத்தில் என்ன நடந்தது?

ரயிலில் வரும்போது நின்றுகொண்டே வந்தேன். உட்கார இடம் இருந்தது.

12 ஜூன், ஞாயிறு

மதுராபூர் போய் வந்தேன். மறக்கும் முன் வரிசையாக எழுதுகிறேன்.

சுதன்ய மண்டல், துவாரிக்கின் தம்பி வழி. என் வயதுதான். வெற்றிலைத் தோட்டம் வைத்திருக்கிறார். நாற்பது வருடமாக நான் அந்த வாசலை மிதிக்கவில்லை. ஆள் எழுந்திருக்கவே இல்லை.

"வாங்க, பேப்பர் பாபு! நாங்க செத்தாத்தான் வருவீங்கன்னு நெனச்சேன். யாரு செத்தா?"

"யாரும் சாகல. ஒரு பேரு சாகப்போகுது" என்றேன்.

அதற்குப் பிறகு பொரியும் பச்சை மிளகாயும் வந்தன. அவர் சொன்னது:

துவாரிக் ஜமீன்தாரின் கயால். அறுவடைக் களத்தில் பங்கு பிரிப்பார். ஜமீன் பங்கை மரக்காலில் குவித்து அளக்க வேண்டும், குடியானவன் பங்கைத் தலை தட்டி அளக்க வேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம். ஒரு பௌஷ மாதம், மார்கழி அறுவடையில், துவாரிக் இரண்டு பங்கையும் ஒரே கோலால் தலை தட்டினார். காரியஸ்தர் கேட்டாராம்: "கை மறந்துபோச்சா?" துவாரிக் அடுத்த மரக்காலையும் தட்டினாராம். அன்றே வேலை போயிற்று.

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. புதுசா ஒருத்தனைக் கொண்டுவந்தான். குடியானவன் ஒருத்தனும் களத்துல எறங்கல. எங்க கயாலைக் கூப்புடு, அப்பத்தான் கதிரை அடிப்போம்னு உக்காந்துட்டாங்க. பதினோரு நாளு. மழை வேற மெரட்டுது. காரியஸ்தன் வந்து கூப்புட்டான். அன்னையிலிருந்து துவாரிக் மண்டல்னு யாரு கூப்புட்டா? கயால், அவ்வளவுதான். எங்களுக்குப் பொறாமை, அதான் மண்டலாவே இருந்துட்டோம்."

சொல்லிவிட்டுப் பரணிலிருந்து ஒரு பிரம்பு மரக்காலை இறக்கினார். துவாரிக்குடையதா என்றால், "இருக்கலாம், எலிக்குத்தான் தெரியும்" என்றார். பொரியை அதில் வாரிக் கோலால் தட்டி, பாடுகிற மாதிரி இழுத்தார்: "ராமே... ராம். ரெண்டே... ரெண்டு. மூணே... மூணு..."

அவர் கோலைப் பிடித்து நிறுத்தினேன். "ஒண்ணுன்னு ஏன் சொல்லல?"

"களத்துல எந்தக் கயாலும் ஒண்ணுன்னு சொல்ல மாட்டான். சொன்னா நெல்லு அதோட நின்னுடும்னு பயம். பேப்பர்ல இதெல்லாம் போட மாட்டீங்களா?"

அறிவிப்புக் கட்டை எண்ணுகிற என் வாய் எங்கிருந்து வந்தது என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. ஐம்பத்தெட்டு வயதில்!

13 ஜூன், திங்கள்

துகாயிடம் ஒரே மூச்சில் எல்லாம் சொன்னேன். பத்திரம், பதினோரு நாள், எல்லாம். இனி அவன் மாற்ற மாட்டான் என்றே நினைத்தேன்.

முழுக்கக் கேட்டான். பிறகு: "நல்ல ஆளு பாபா. நெஜமாவே சொல்றேன், பெருமையா இருக்கு."

"அப்போ?"

"அவரும் பேரை மாத்தினவர்தானே? மண்டலை விட்டுட்டுத் தனக்குன்னு ஒண்ணு எடுத்துக்கிட்டார். நான் செஞ்சா மட்டும் தப்பா?"

"ஊரு குடுத்துதுடா அவருக்கு!"

"எனக்கும் ஊருதான் குடுத்துது. போற எடமெல்லாம் பேரைக் கேட்டுக் கேட்டு."

வைத்துவிட்டேன். கோபத்தில் அல்ல.

15 ஜூன், புதன்

தாள் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. ஒரு வாரம் தள்ளிப் போட்டால் யாருக்கும் தெரியாது. முகவரி சரியில்லை என்று திருப்பி அனுப்பலாம். அதற்குள் மனம் மாறலாம். ஆகஸ்டுக்குள் எத்தனையோ நடக்கலாம்.

எத்தனை பேருடைய தாள் இந்த மேஜையில் வந்து போயிருக்கிறது. ஒன்றையாவது தள்ளினேனா? அவர்களுக்குக் குவித்தும் என் மகனுக்குத் தட்டியும் அளப்பதா?

16 ஜூன், வியாழன்

காலை முதல் வேலையாக அனுப்பினேன். மெய்ப்பும் நானே பார்த்தேன். ஓர் எழுத்துப் பிழை இருந்தது, 'ராய்' என்பதில். திருத்தினேன்.

ஹபிபுல் படித்துவிட்டான். தேநீர் வாங்கி வந்து வைத்தான்.

17 ஜூன், வெள்ளி

வந்துவிட்டது. ஐந்தாம் பக்கம், மூன்றாம் பத்தி. மாலையில் நல்ல மழை.

2 ஆகஸ்ட், செவ்வாய்

பெண்! காலை 6.40. இரண்டு கிலோ தொள்ளாயிரம். மருமகள் பாரமிதா சுகம்.

அடுத்த ரயிலைப் பிடித்துக் கல்கத்தா போனோம். மருத்துவமனைக் கட்டிலில் 'ராய் குழந்தை' என்று அட்டை தொங்கியது. காஜல் என் முகத்தைப் பார்த்தாள். நான் குழந்தையைப் பார்த்தேன். மூக்கு என் மூக்குதான். காஜல் சொன்னபடியே.

துகாய் இரவு முழுக்கத் தூங்கவில்லை, சட்டை கசங்கி, கண் சிவந்து, சிரித்துக்கொண்டே இருந்தான். துணியை விலக்கினான். "நர்ஸ் சொன்னாங்க, எல்லாம் சரியா இருக்கான்னு நாமளும் ஒரு தடவை பாத்துக்கணுமாம்" என்று அந்தப் பிஞ்சுக் கைகளைப் பிரித்து, விரல் விரலாகத் தொட்டான்.

"ராம்... ரெண்டு... மூணு... நாலு..."

பத்து வரை எண்ணி முடித்தான். பிறகு கால் விரல்களுக்குப் போனான். மறுபடியும் ராமிலிருந்து.